மடிப்புக்கு விட்ட துணி

மே 6, செவ்வாய்

கடையில் இன்றைக்கும் ஜன்னல்கள்தான். ஒரு பல் டாக்டர் வீட்டுக்கு எட்டுத் திரைச்சீலை, எல்லாம் ஒரே சாம்பல் நிறம். மத்தியானம் போன் வந்தது. தலைநகரத்து நாடக அரங்கில், உடை தைக்கும் பிரிவில், துணி வெட்டும் வேலை எனக்குத்தானாம். இருபத்து மூன்றாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருஷமாக ஜன்னல்களுக்கு உடுத்திவிட்டவள், இனிமேல் மனுஷர்களுக்கு வெட்டலாம். தோள், கை, இடுப்பு. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன். முதலாளி, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

வீட்டில் சொன்னதும் கணவர் வாய் நிறையச் சிரித்தார். அப்புறம், "அங்க வாடகை என்னன்னு தெரியுமா?" என்றார்.

மே 8, வியாழன்

தெரிந்துகொண்டேன். தெரியாமலே இருந்திருக்கலாம். ஒரு கட்டில் போட்டால் மிச்சம் இருக்கும் இடத்தில் ஒருவர் நிற்கலாம், மற்றவர் கட்டிலில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். அதற்கே புதுச் சம்பளத்தில் பாதி போய்விடும்.

மே 11, ஞாயிறு

மூன்று பேரும் கணக்குப் போட உட்கார்ந்தோம். மூன்றாவது ஆள் நாத்தனார். மாடியில்தான் இருக்கிறாள், மருந்துக்கடையில் வேலை. கூப்பிடாமலே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் செலவைச் சொல்ல, அவர் எழுத, அவள் கூட்டினாள். இங்கே இவர் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். அங்கே உடனே வேலை கிடைக்குமா தெரியாது. அதனால் முதல் ஆறு மாதம் என் சம்பளம் மட்டும்தான் என்று வைத்துக்கொண்டோம்.

கூட்டி முடித்ததும் நாத்தனார் பேனாவை வைத்துவிட்டாள். "துண்டு விழும்னு சொல்லுவாங்க. இது போர்வையே விழுது அண்ணி."

மே 14, புதன்

குறைத்துப் பார்த்தோம். வெளிச்சாப்பாடு கிடையாது. புதுச் செருப்பு கிடையாது. போர்வை அப்படியே விழுகிறது.

மே 17, சனி

முடியாது. நாலு தடவை போட்டாகிவிட்டது.

"விடு, பாத்துக்கலாம்" என்கிறார். எதைப் பார்த்துக்கொள்வது? எனக்கு நாற்பத்தொன்று. இன்னொரு போன் யார் பண்ணப் போறாங்க? குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணிக் காசு வேற தண்டம்.

மே 19, திங்கள்

வேண்டாம் என்று சொல்லத்தான் போன் பண்ணினேன். எடுத்தது அங்குள்ள தலைமைத் தையல்கார அம்மா. ஏன் வரவில்லை என்று கேட்டார். கணக்கு ஒத்துவரவில்லை என்றேன். "என்ன கணக்கு, படிங்க கேப்போம்" என்றார். படித்தேன். மின்சாரச் செலவு வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"ஒரு அறைக்கு இவ்வளவு கரண்டா? நீங்க என்ன, அடுப்புக்குள்ளயா குடியிருக்கப் போறீங்க?"

அரிசி, பஸ் காசு, சோப்பு என்று ஒவ்வொன்றாக அவர் உண்மை விலை சொல்லச் சொல்ல எனக்குக் காது சூடாகிவிட்டது.

யார் ஏற்றி எழுதினது என்று சாயங்காலம் இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டேன். முதலில் நானே ஒப்புக்கொண்டேன். துணி வெட்டும்போது மடிப்புக்கும் சுருக்கத்துக்கும் கொஞ்சம் விட்டுத்தான் வெட்டுவேன். அந்தக் கை, காசுக்கும் விட்டிருக்கிறது. அவர் தலையைச் சொறிந்தார். "நீ சொன்னதுல கொஞ்சம் ஏத்தித்தான் எழுதினேன். பாதி டேங்க்ல நான் என்னிக்கு வண்டி எடுத்திருக்கேன்?" இரண்டு பேரும் நாத்தனாரைப் பார்த்தோம். "தீந்துபோச்சுன்னு மட்டும் சொல்லக் கூடாது, அதான் எங்க கடைல பாடம். நானும் வரிக்கு வரி ஏத்திட்டேன் அண்ணி."

மூவர் மடிப்பையும் பிரித்துவிட்டுக் கூட்டினோம். ஒத்துவருகிறது. இழுத்துப் பிடித்தால்தான், ஆனால் வருகிறது. நாத்தனார் சிரித்துச் சிரித்துப் புரையேறி எழுந்து போனாள். நானும் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் வண்டிச் சாவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாவியை யாராவது துடைப்பார்களா?

மே 20, செவ்வாய்

பேச்சே இல்லை. கேட்டதற்கு "ம்" என்கிறார்.

மே 21, புதன்

பொறுக்க முடியாமல் கேட்டேன். "காசு பத்தலன்னப்ப நல்லாத்தானே இருந்தீங்க. இப்ப என்ன?"

தட்டைத் தள்ளி வைத்தார். "காசு பத்தலன்னா நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. இப்ப சொல்லணும்."

"சொல்லுங்க."

"எனக்கு வர இஷ்டமில்ல. இங்க என் பஸ் வரலன்னா அம்பது பேரு ரோட்டுல நின்னு எனக்குப் போன் பண்ணுவாங்க. அங்க நான் இல்லன்னா யாருக்குத் தெரியும்?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன? நாலு தடவை கணக்குப் போட்டு, நான் குழாயடியில நின்னு அழுது— அதையெல்லாம் பாத்துக்கிட்டு சும்மா இருந்திருக்கார். அப்படியானால் இங்கேயே இருங்கள், நான் போகிறேன் என்றேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனார்.

மே 22, வியாழன்

"எனக்குத் தெரியும்" என்று சொல்லியிருக்கலாம். அவர் கேட்ட கேள்விக்கு அதுதானே பதில்.

மே 23, வெள்ளி

நாடக அரங்குக்குப் போன் பண்ணி, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மாலையில் வந்து பார்த்தால், அவர் மேஜையில் உட்கார்ந்து புதிதாகக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். தலைப்பில் "ஒரு ஆளுக்கு" என்று போட்டிருக்கிறது. "பொம்பளைங்க தங்குற விடுதியில கேட்டேன். மிச்சம்கூட வரும்" என்றார். நன்றாகத்தான் போட்டிருந்தார். எனக்கு அந்தத் தலைப்பைத் தாண்டிப் படிக்க முடியவில்லை.

ஜூன் 28, சனி

வந்து சேர்ந்தேன். ரயில் நிலையத்தில் என் பெட்டியை ஏற்றிவிட்டு, ரயில் நகரும் வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார். "ராத்திரி தாழ்ப்பாள் போட்டுக்க" என்றார். ரயில் நகர்ந்த பிறகு நாத்தனார்தான் கையாட்டினாள்.

ஜூலை 9, புதன்

ஒரு நடிகருக்கு முதல் கோட்டு வெட்டினேன். போட்டுக்கொண்டு கையைத் தூக்கினார், தோளில் இழுக்கவில்லை. தலைமைத் தையல்கார அம்மா அடுத்த துணியை என் பக்கம் தள்ளினார். அறைக்கு வந்து யாரிடம் சொல்வது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வீட்டுக்குப் போன் பண்ணினேன். "தோள் இழுக்கலியா?" என்று இரண்டு தடவை கேட்டார். அவருக்குத் தோளைப் பற்றி என்ன தெரியும்.

ஆகஸ்ட் 2, சனி

விடுதியை விட்டு ஒரு சின்ன அறைக்கு மாறிவிட்டேன். ஒரு ஆளுக்கு இது அதிகம்தான். ஏன் மாறினேன் என்று நாத்தனார் கேட்டாள். காற்று வருகிறது என்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார். முதல் தடவை. நேற்று முழுக்க வாடகையைத் திட்டினார், லிப்டைத் திட்டினார், தண்ணீரில் மருந்து வாசனை என்றார்.

காலையில் பால் வாங்கப் போனவர் ஒரு மணி நேரமாக வரவில்லை. வழி தெரியாமல் மாட்டிக்கொண்டாரோ? செருப்பை மாட்டிக்கொண்டு நான் கிளம்பும்போது வந்து சேர்ந்தார்.

"எங்க போனீங்க?"

"கடைக்குப் பின்னால பஸ் டிப்போ இருக்கு. சும்மா நின்னேன்." பால் பாக்கெட்டை அடுப்புப் பக்கத்தில் வைத்தார். "இங்க வண்டிக்கு ரெண்டு கதவு. முன்னால ஏறுறாங்க, நடுவுல இறங்குறாங்க. ரெண்டையும் டிரைவர்தான் பாக்கணும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"பழகணும்" என்றார்.

பால் பொங்கப் போகிறது என்று சொல்லிவிட்டு நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பால் இன்னும் பாக்கெட்டில்தான் இருந்தது.