அந்த விமர்சனத்தை நீக்கமாட்டேன்

என் அடங்காத அக்காவுக்கு,

கல்லூரியில் உனக்கு இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். மேடையேறியவர்களெல்லாம் உன்னை ‘மென்மையானவர்’, ‘யார் மனமும் நோகாமல் எழுதியவர்’ என்றார்கள். வேறு யாருடைய கூட்டத்துக்கோ வந்துவிட்டோமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் பாதியில் எழுந்து போயிருப்பாய், இல்லையா?

பகலில் வகுப்பில் நாடகம் சொல்லிக்கொடுத்துவிட்டு, சாயங்காலம் சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் பஸ் ஏறி நாடகம் பார்த்து விமர்சனம் எழுதியவள் நீ. டிக்கெட்டைச் சொந்தக் காசில் வாங்குவாய். பொன்னாடை நீட்டினால் கும்பிட்டு நகர்ந்துவிடுவாய். விளக்குப் போட்டவர் பெயரைக்கூடக் கேட்டு எழுதுவாய். பெரிய இயக்குநர் என்று யாரையும் விட்டுவைக்கவும் மாட்டாய். அதனால் எத்தனை கருத்தரங்குகளில் உன் பெயர் காணாமல் போனது என்று எனக்குத்தானே தெரியும்.

இப்போது உன் விமர்சனங்களைப் புத்தகமாக்குகிறோம். நினைவுக் குழுவின் தலைவர் யார் தெரியுமா? தறிக்காரர்களைப் பற்றி நாடகம் போட்டாரே, அவரேதான். ‘மேடையில் நெசவாளர்கள் அழ மட்டும் செய்கிறார்கள், பேசுவதெல்லாம் இயக்குநர்’ என்று எழுதினாயே! போன வாரம் குமாரபாளையத்துக்கு, நம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“அந்த ஒரு கட்டுரை மட்டும் வேண்டாமுங்க. மேடம் பேருக்கே அது அழகில்லீங்க,” என்றார்.

“எம் பேருக்கு அழகில்லாததும் ஒண்ணு இருக்குதுங்க. நான் நடிச்ச நாடகத்தப் பத்தி எழுதுனது. மனப்பாடப் போட்டிக்கு வந்த புள்ளயாட்டம் நிக்கறேன்னு அக்கா போட்டிருக்குது. அதுவும் புத்தகத்துல வருதுங்க,” என்றேன்.

அதைப் படித்தபோது உன்னோடு பேச்சையே நிறுத்தினேன். இன்றைக்கும் கோபம்தான், அக்கா. ஆனால் கூடப்பிறந்தவள் என்று எனக்கே நீ சலுகை காட்டவில்லை. அவருக்கு நான் எப்படிக் காட்டுவது?

“அப்படீன்னா வெளியீட்டுக்கு எங்க மண்டபம் கிடைக்காதுங்க,” என்று எழுந்தார்.

“எங்க தறிக்கூடம் இருக்குதுங்க. வெளியீட்டன்னிக்குத் தறிய நிறுத்திக்கறோம். நீங்க மறுப்பு எழுதிக் குடுங்க, அதையும் சேத்தே போடறேன்.”

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

உன் அளவுக்கு எனக்குத் துணிச்சல் கிடையாது. ஆனால் நீ இல்லாத தைரியத்தில் உன்னைச் சாதுவாக்கிவிட இவர்களை விடமாட்டேன். புத்தகம் நீ எழுதியபடியே வரும். முதல் பிரதியை அவர் வீட்டுக் கதவைத் தட்டி, நானே அவர் கையில் கொடுப்பேன்.

உன் கூடப்பிறந்த,
சரசு