கிள்ளானில் கூப்பிட்ட பெயர்

3 மார்ச் 2025, திங்கள்

கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் இரண்டாவது வாரம். வழக்குகளைப் பதிந்து வைக்க டேட்டாபேஸ் கேட்டவர் வழக்கறிஞர் ஜெயராஜ்தான். அவரே இன்றும் தடுக்கிறார். எக்செல் மாதிரி ஒரு வழக்குக்கு ஒரு வரி போதுமாம். ஒரு வழக்குக்குப் பத்து விசாரணை நாள் வரும், நீதிமன்றம் மாறினால் வழக்கு எண்ணே மாறும். நாட்களுக்குத் தனி அட்டவணை, எண்களுக்குத் தனி அட்டவணை, இரண்டையும் ஒரே வழக்கோடு இணைக்க வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினேன். போனைப் பார்த்தபடியே தலையாட்டினார்.

6 மார்ச்

வரைபடம் முடிந்தது. ஏழு அட்டவணைகள். பழைய தேதியை யாராலும் அழிக்க முடியாது. மாற்றுபவர் பெயரும் பதிவாகும்.

11 மார்ச்

பழைய எக்செல்லில் இருந்து தகவல்களை மாற்றிக்கொண்டிருந்தேன். நல்லம்மாள் என்ற பெயர் இரண்டு வரிகளில் இருந்தது. கிள்ளான்காரர், 2019 ஜூனில் லோரி மோதிக் கால் போனவர். ஒரு வரியில் கோலாலம்பூர் வழக்கு எண். இன்னொன்றில் கிள்ளான் எண். வழக்கு கிள்ளானுக்கு மாற்றப்பட்டபோது ஜெயராஜே புது வரியாகச் சேர்த்திருக்கிறார். பழைய வரியை அப்படியே விட்டுவிட்டார். நல்லம்மாளுக்கு நினைவூட்டல் போனது பழைய வரியிலிருந்து: தேதி சரி, நீதிமன்றம் தவறு.

கிளார்க் மலர்விழியிடம் கேட்டேன். முகம் வெளுத்துப் போனது. தன் போனைத் திறந்து காட்டினாள். போன அக்டோபர், விசாரணை நாள். ஊன்றுகோலோடு ரயில் ஏறி கோலாலம்பூர் ஜாலான் டூத்தா நீதிமன்றத்துக்கு வந்த நல்லம்மாள் எழுதியிருக்கிறார்: “வந்துட்டேன்மா. நம்ம ஆளு யாரையும் காணோமே.” இவள் பதில்: “இருங்க ஆன்டி, பாஸ் வருவார்.”

சாயங்காலம் வரை இருந்திருக்கிறார். அதே காலையில் அவர் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில், கிள்ளானில், அவர் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவரும் இல்லை, ஜெயராஜும் இல்லை. வழக்குத் தள்ளுபடி.

கோப்பில் காரணம்: ‘கட்சிக்காரர் வரவில்லை.’

வரலையா? அவங்களா வரல?

12 மார்ச்

ஜெயராஜிடம் போனேன். மறுபடி வழக்குப் போட விபத்திலிருந்து ஆறு வருடம், வரும் ஜூன் வரை காலக்கெடு இருக்கிறதே, நல்லம்மாளிடம் உண்மையைச் சொல்லிவிடலாமே என்றேன். ஜெயராஜ் கோபப்படக்கூட இல்லை. அதுதான் தாங்கவில்லை. பழைய வரியைக் கொண்டுவராதே, சுத்தமான தகவலாக இருக்கட்டும் என்றார்.

“ஷாமினி, உன்னை டேபிள் போடத்தான் கூப்பிட்டேன். ஜட்ஜ் வேலை பார்க்க இல்ல.”

சுத்தமாம்.

13 மார்ச்

கட்சிக்காரர் விஷயத்தை வெளியே பேச மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கட்சிக்காரரிடமே சொல்வது வெளியே பேசுவதா? பகல் முழுக்க இதே யோசனை. இரண்டு வரிகளையும் சேர்த்தேன், ஒரே வழக்காக. அழிக்கவில்லை.

15 மார்ச், சனி

கிள்ளான். மலர்விழியும் வந்தாள், தனியாகப் போகாதீங்கக்கா என்றாள். அடுக்குமாடி, இரண்டாவது மாடி, லிப்ட் இல்லை. நல்லம்மாள் மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். மலர்விழி அழுதாள்.

அவர் அழவில்லை. வேறு யாரையோ பற்றிக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நான் தப்பான கோர்ட்டுக்குப் போயிட்டேன்னு லாயர் சொன்னார்மா. படிக்காதவ, சரியா கேட்டுக்கல போலன்னு நெனச்சேன். அஞ்சு மாசமா என் மகன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு இருக்கேன்.”

எங்களுக்கு நன்றி சொல்லவில்லை. மலர்விழியைப் பார்த்து, உனக்கும் அன்னைக்கே தெரியுமா என்று மட்டும் கேட்டார். அவள், மறுநாள் தெரியும் ஆன்டி என்றாள்.

17 மார்ச்

கிள்ளான் போனது ஜெயராஜுக்குத் தெரிந்து வேலை போயிற்று. மலர்விழி அவளாகவே விலகிவிட்டாள்.

29 மே

ஷா ஆலமில் ஒரு பெண் வழக்கறிஞர் நல்லம்மாளுக்காகப் புது வழக்குப் பதிந்துவிட்டார். காலக்கெடுவுக்குப் பதினொரு நாள் முன்னால். ஜெயராஜ் மேல் புகாரும் போயிருக்கிறது. மலர்விழி தன் பேரில் வாக்குமூலம் கொடுத்தாள், ‘இருங்க ஆன்டி’ என்ற அந்தப் பதிலையும் சேர்த்து.

4 ஆகஸ்ட்

கிள்ளான் நீதிமன்றம். வழக்கு முதன்முறையாக எடுக்கப்படும் நாள். வழக்கறிஞர் போதும், நீங்கள் வரத் தேவையில்லை என்று சொல்லியும் நல்லம்மாள் வந்திருந்தார். வெள்ளிக்கிழமையே ஒருமுறை வந்து, கவுண்டரில் தன் வழக்கு எண்ணையும் தேதியையும் விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்.

புது லாயர் சொன்னதை நம்பவில்லையா ஆன்டி என்றேன்.

“நம்புறேன்லா. கேட்டும் வச்சுக்கிறேன்.”

பெயரைக் கூப்பிட்டதும் வழக்கறிஞருக்கு முன்னால் எழுந்து நின்றார்.