அத்தான் வாங்கித் தந்த ஷூ

1984 ஜூலை 14, சனி

நாளைக் காலை தென்காசியிலிருந்து குற்றாலம் வரை ஓட்டப்பந்தயம். ஷூ வாங்கித் தருகிறேன் என்று அக்கா வீட்டுக்காரர் கடைக்குக் கூட்டிப்போனார். சுரண்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கிற அத்தானுக்கு ஓட்டத்தைப் பற்றி என்ன தெரியும்.

நான் எடுத்தது மெல்லிசான ஷூ. காலில் போட்டால் போட்ட மாதிரியே இல்லை. அதை என் கையிலிருந்து பிடுங்கி, பித்தளைச் செம்பை எடை பார்ப்பதுபோல உள்ளங்கையில் ஏந்தினார். அடியை விரலால் சுண்டினார்.

"கனமே இல்லியே மாப்ள. ரெண்டு மழை தாங்குமா இது?"

கடைக்கார அண்ணாச்சியிடம், "நல்ல கெட்டியா, ஒரு சைஸ் பெரிசா எடுங்க" என்றார். எதுக்குப் பெரிசு என்று கேட்டேன்.

"ஒரு நா ஓடிட்டு மூலையிலதான போடப்போற? பொறவு நான் போட்டுக்கிடுவேன்லா."

சிரிப்பு வேறு. ஓடப்போவது நான், அளவு அவர் காலுக்கு.

வீட்டில் நடந்து பார்த்தேன். காலைத் தூக்கினால் குதிகால் வெளியே வருகிறது. ஜெயித்தால் ஷூவால் ஜெயித்தேன் என்று சுரண்டை பூராவும் சொல்லுவார். தோற்றால் என் காலைச் சொல்லுவார்.

இப்போதுதான் அக்கா வந்து, "அத்தான் ஆசையா வாங்கித் தந்தது. நாளைக்கு அதைத்தாம்லே போடணும்" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். சரி என்றேன். அடி தேய்ந்த பழைய ஷூவைப் பைக்குள் வைத்துவிட்டேன். புதுசை அவரிடமே கொடுத்து, பந்தயம் முடியும்வரை சாரலில் தூக்கிக்கொண்டு நிற்கச் சொல்லணும். கனமாக இருந்தால்தானே அவருக்குத் திருப்தி.