நிரம்பித் திரும்பும் பெட்டிகள்

நவம்பர் 9, ஞாயிறு பிற்பகல்

அன்பு மகள் நெவெங்காவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் பசுவும் நலம், மூவரில் அப்பா மட்டும் கொஞ்சம் அதிகமாகவே நலம், அதன் காரணம் கீழே வரும். நீயும் மாப்பிள்ளையும் லக்ஸம்பர்க்கில் சுகமாக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன். சுகமில்லை என்றாலும் நீ சொல்ல மாட்டாய், அந்தக் குணம் என்னிடமிருந்து வந்தது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நான் ஒரு வாக்கியம் சொன்னால் அப்பா பக்கத்தில் நின்று இரண்டு திருத்தம் சொல்கிறார். மலை உச்சியில் பனி விழுந்துவிட்டது, ஊருக்குள் இன்னும் இறங்கவில்லை. உன் அறை ஜன்னலை இழுத்துச் சாத்தி ஓரத்தில் பழைய கம்பளியைத் திணித்திருக்கிறோம். இவை செய்திகள். இனி வருவது, ஐந்து நாளாக என்னை ஓரிடத்தில் உட்கார விடாத விஷயம்.

எங்கள் சூப்பர்மார்க்கெட் கம்பெனி இந்த வசந்தத்தில் நல்ல கம்பெனியாக மாறுவதென்று முடிவெடுத்தது. அதுவரை என்னவாக இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. போத்கோரிட்சா தலைமை அலுவலகத்திலிருந்து ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெரிய தாள் வந்தது, அதில் நான்கு கம்பங்கள் வரைந்திருந்தார்கள், ஒவ்வொன்றும் ஒரு இலக்கு. பிளாஸ்டிக் பை ஒன்றுகூடக் கொடுக்கக் கூடாது. உணவுப் பொருள் எதையும் குப்பையில் போடக் கூடாது. ஊரில் தேவையுள்ள நாற்பது வீடுகளுக்கு ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி ஒரு பெட்டி சாமான் இலவசமாகத் தர வேண்டும். அந்தப் பச்சைப் பெட்டிகள் நூற்றுக்கு நூறு கடைக்குத் திரும்ப வேண்டும், ஏனென்றால் ஒரு பெட்டி இருநூறு தடவை போய்வந்தால்தான் பூமிக்கு லாபமாம். திங்கள்தோறும் நான் பச்சை மையால் கம்பங்களை உயர்த்தி, படம் எடுத்து அனுப்புகிறேன். இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் போட்ட மதிப்பெண்ணை இப்போது எனக்கு நானே போட்டுக்கொள்கிறேன்.

தேவையுள்ள நாற்பது வீடுகளைக் கண்டுபிடிப்பதுதான் முதல் சிக்கல். நம் ஊரில் தேவையுள்ளவர் ஒருவர்கூட இல்லை என்பது உனக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்காரர்தான் எப்போதும் தேவையுள்ளவர். ஒரு தெரு முழுக்க நடந்தேன், ஒவ்வொரு வாசலிலும் "எங்களுக்கு எதுக்கு விதோசவா, பாவம், எதிர்வீட்டுக்குக் குடு, அவங்க நிலைமை உனக்குத் தெரியாதா" என்றார்கள். எதிர்வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள், கையை மட்டும் வேறு பக்கம் நீட்டி. கடைசியில் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். நாற்பது பேர் சேரவில்லை என்றால் கம்பெனி என்னைத்தான் கேள்வி கேட்கும், எனக்காக வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். இரண்டே நாளில் நாற்பது கையெழுத்தும் வந்தது. ஆக நம் ஊர் நாற்பது வீடுகள் கம்பெனிக்கு உதவி செய்யத் தொடங்கின. தலைமை அலுவலகத்தில் இதை வேறு திசையில் எழுதிக்கொண்டார்கள்.

பெட்டிகள் ஜூன் மாதம் போயின. திரும்பியும் வந்தன, ஒன்றுகூடக் குறையாமல். அடுத்து நடந்ததை நீ இந்நேரம் ஊகித்திருப்பாய், ஏனென்றால் நீயும் அதைத்தான் செய்திருப்பாய். அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கும் பெண் நம் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. நாற்பது பெட்டிகளும் நிரம்பி வந்தன. சீஸ், உருளைக்கிழங்கு, உலர்த்திய காளான், ப்ளம் சாராயம், ஒரு பெட்டியில் பாதிப் பன்றித்தொடை. கல்லாவில் இருக்கும் ரூஷா, "அக்கா, நாம குடுத்ததைவிட இது அதிகம், நம்மளைத்தான் ஏழைன்னு நெனச்சிட்டாங்க" என்றாள். லேபிள் இல்லாததால் விற்க முடியாது. குப்பையில் போடுவது இலக்குக்கு விரோதம். ஒரு வீட்டுக்கு அவர்கள் சீஸையே திருப்பி அனுப்பினேன், மறுநாள் அதே சீஸ் ஒரு பானை தேனோடு வந்தது. இன்னொரு தடவை ஒருத்தியின் சீஸ் தவறிப்போய் அவள் பெட்டிக்கே போய்விட்டது, "என் சீஸ் உங்களுக்கு அவ்வளவு இளப்பமா" என்று கடைவாசலில் நின்று கேட்டாள். அன்றிலிருந்து எல்லாவற்றையும் அப்பா சாப்பிடுகிறார். இலக்குக்காக இவ்வளவு உழைக்கும் ஊழியர் கம்பெனியில் வேறு யாருமில்லை, அவர் ஊழியரும் இல்லை.

இதுவரை சிரிப்பதற்கு. இப்போது வுகாஷினைப் பற்றி. பாலத்துக்கு மேலே அதே வீட்டில்தான் இருக்கிறார், மனைவி தாரிங்கா போன பிறகு தனியாக. மகன் ஓக்னியென் சிகாகோவில் லாரி ஓட்டுகிறான், வருஷத்துக்கு ஒரு தடவை பேசுகிறான். நீ அந்தப் பையனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று கிளம்பிப்போனதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, சரியாகத்தான் செய்தாய். ஆனால் மோதிரத்தை அவரிடம் திருப்பிக் கொடுக்கப் போனது நான். அவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார். அதனால்தான் பட்டியலில் அவர் பெயரை முதலில் எழுதினேன், அவரும் "உனக்கு ஒரு உதவின்னா சரி, தங்கச்சி" என்று கையெழுத்துப் போட்டார்.

முதல் பெட்டி பத்து முட்டையோடு வந்தது, இரண்டாவதும் அப்படியே. பெட்டி பெரியது, பத்து முட்டை அதன் அடியைக்கூட மறைக்கவில்லை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். ஜூலையில் முட்டைக்குப் பதில் கோழி வந்தது, சுத்தம் செய்து துணியில் சுற்றி. அடுத்த தடவையும் கோழி. ஆகஸ்ட் முடிவதற்குள் அவரிடம் இருந்த ஐந்து கோழியும் கடைக்கு வந்து சேர்ந்தன. நாங்கள் கொடுத்தது மக்ரோனியும் டப்பா மீனும் தேதி நெருங்கிய பிஸ்கட்டும். செப்டம்பரில் இரண்டு பெட்டி நிறைய விறகு வந்தது, ஒரே அளவாகப் பிளந்து, சிராய் இல்லாமல் அடுக்கி. அது அவர் குளிர்காலத்துக்கு வைத்திருந்த விறகு. இங்கே சமையலறை ஜன்னலில் நின்றால் அவர் புகைபோக்கி தெரியும், முன்பெல்லாம் காலை ஆறு மணிக்குப் புகை வரும், செப்டம்பருக்குப் பிறகு பொழுது சாய்ந்தால்தான் வருகிறது. ஆற்று வெள்ளம் மாதிரி இழுத்துக்கொண்டு போகிறது இந்தப் பெட்டி அவரை, தாளில் கம்பம் மட்டும் உயரமாக நிற்கிறது.

அக்டோபர் பத்தாம் தேதிப் பெட்டியில் தாரிங்காவின் பித்தளைக் காபி மில் இருந்தது. நான் மோதிரத்தோடு போன அன்று அவர் காபி அரைத்தது அதில்தான். அன்று மாலையே தூக்கிக்கொண்டு போனேன். அண்ணே, பெட்டியைக் காலியாகக் கொண்டுவந்தால் போதும், கம்பெனியே அப்படித்தான் கேட்கிறது என்றேன். அவர், "காலிப் பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கடைத்தெருவுல நடக்கச் சொல்ற, அப்படித்தானே" என்றார். மில்லை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் கடையில் கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்து, அதைக் கல்லாவில் வைத்து, "என்ன விதோ, இதுல ஏதாவது உடைஞ்சிருக்கா" என்று கேட்டார். ஒன்றும் உடையவில்லை அண்ணே என்று வாங்கி வைத்துக்கொண்டேன். பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடலாம் என்று அப்பா சொன்னார். எடுத்தால் நம் வீடு அவரை இரண்டாவது தடவை வேண்டாமென்று சொன்னதாக ஆகும். நானே விறகு வாங்கிக் கொடுக்கலாம் என்றால், அதற்குப் பதிலாக வரப்போவது எதுவென்று யோசித்தேன், வீட்டில் மிச்சமிருப்பது அடுப்பும் கட்டிலும்தான்.

வழி கிடைத்தது ரொட்டி வண்டி டிரைவரால். ஒரு காலையில் அவன் பழைய பிளாஸ்டிக் பையில் இரண்டு ரொட்டியைப் போட்டு வுகாஷின் கையில் திணித்துவிட்டுப் போனான், அவரும் சாதாரணமாக வாங்கிக்கொண்டு நடந்தார். அன்று முழுக்க அது ஏன் என்று யோசித்தேன். பானை திரும்ப வேண்டும், தட்டு திரும்ப வேண்டும், பெட்டி திரும்ப வேண்டும், திரும்பும்போது காலியாக இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் பையை யாரும் யாருக்கும் திருப்பிக் கொடுத்ததில்லை. நம் ஊரில் கடன்படாமல் வாங்கிக்கொள்ளக் கூடிய ஒரே பாத்திரம் அதுதான். கடைக் கிடங்கில் பழைய நீலப் பைகள் ஒரு கட்டு, பயன்படுத்தக் கூடாது என்று தாள் ஒட்டி மூலையில் கிடந்தது. தாளைக் கிழித்தேன். இருபத்துநாலாம் தேதி அவர் பங்கு சாமானை நீலப் பையில் போட்டு நானே கொண்டுபோனேன். "பெட்டி எங்க" என்றார். பெட்டி தீர்ந்துபோச்சு அண்ணே என்றேன். பையை மேலும் கீழும் பார்த்தார், எவ்வளவு மெல்லியது என்று விரலால் தேய்த்தும் பார்த்தார். "பெரிய கம்பெனின்னு பேரு, இப்படி எறங்கிப்போச்சே" என்று சொன்னபோது அவர் முகத்தில் ஜூனுக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு திருப்தி தெரிந்தது. அன்று கடைக்கு எதுவும் வரவில்லை. மறுநாள் காலை அவர் புகைபோக்கி புகைந்தது, நான் பல்லைக்கூடத் தேய்க்காமல் ஜன்னலில் நின்று பார்த்தேன்.

போன செவ்வாய்க்கிழமை போத்கோரிட்சாவிலிருந்து க்செனியா வந்தாள். கம்பெனியின் நல்ல காரியங்களையெல்லாம் வருட அறிக்கையாக எழுதுபவள், நல்ல பெண், உன் வயதுதான் இருக்கும். பெட்டி திரும்புவதில் நாட்டிலேயே நம் கடைதான் முதலாம், அறிக்கையில் இரண்டு பக்கம் நமக்காம். பயன் பெற்ற ஒருவரைப் படம் எடுக்க வேண்டும் என்றாள், பின்னால் மலை தெரிகிறது என்பதற்காகப் பாலத்துக்கு மேலிருக்கும் வீட்டையே கைகாட்டினாள். வேறு வீட்டுக்குத் திருப்பிப் பார்த்தேன், முடியவில்லை. வாசல் ஆணியில் நீலப் பை வெங்காயத்தோடு தொங்கியது, கம்பெனியின் பெயர் வெளிப்பக்கம் தெரியும்படி. அவள் அதைக் கவனிக்காமலே போயிருப்பாள், ஆனால் வுகாஷின் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க கம்பெனிக்குக் கஷ்டமாமே பொண்ணு, பெட்டிக்குக்கூட வழியில்லாமப் பையிலதான் கொண்டாறா பாவம் இவ, மனசை விடாதீங்க, எல்லாம் சரியாகும்" என்று ஆறுதல் சொன்னார். குளிருக்கு ஆகுமென்று ஒரு ஜோடி கம்பளிக் காலுறையும் கொடுத்து அனுப்பினார். அவள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள், பதிலுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, தலைநகரத்தில் அப்படி வளர்க்கிறார்கள்.

காரில் உட்கார்ந்து என்னிடம் மெதுவாகத்தான் பேசினாள். "விதோசவா மேடம், பை கொடுத்தது பதிவானால் ரெண்டு இலக்கும் போயிடும். முதலிடம் போயிடும், மேலாளர் பொறுப்பையும் மறுபடி பரிசீலிப்பாங்க. உங்களுக்குப் பென்ஷனுக்கு மூணு வருஷம்தானே இருக்கு. அது பழைய பைன்னு நான் எழுதிக்கறேன். வெள்ளிக்கிழமை அவருக்குப் பெட்டியிலேயே கொடுத்து ஒரு படம் அனுப்பிடுங்க, ஒரே ஒரு பெட்டிதானே." எல்லாவற்றையும் விளக்கினேன். கோழி, விறகு, காபி மில் எல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "ரொம்ப அழகான வழக்கம், இதை அறிக்கையில சேர்க்கலாமா" என்றாள்.

அந்தச் செவ்வாயிலிருந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கிறேன், எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று மறந்துபோகிறது. இந்தக் கடிதத்தை எழுதும்போதே மூன்று தடவை ஜன்னலுக்குப் போய்வந்தேன். ரூஷா, "குடுத்துத் தொலைங்க அக்கா, ஒரு பெட்டிக்குள்ள என்ன பெருசா போட்டுடப்போறார்" என்றாள். எனக்குத் தெரியும் என்ன போடுவார் என்று. ஆகவே வெள்ளிக்கிழமை காலை அவருக்கு இரண்டாவது நீலப் பையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், கடைக்குத் திரும்பி, விதிமீறல் படிவத்தை எடுத்து நிரப்பினேன். எத்தனை பை என்ற இடத்தில் இரண்டு என்றும், யார் கொடுத்தது என்ற இடத்தில் என் பெயரையும் எழுதினேன். காரணம் எழுத ஒன்றரை வரி விட்டிருந்தார்கள், வாங்கியவருக்குப் பெட்டி கட்டுப்படியாகவில்லை என்று எழுதினேன். மறுபடி நிகழாமல் தடுக்க என்ன செய்யப்பட்டது என்ற இடத்தில், பைக்கட்டில் இன்னும் இருநூற்றுப் பத்துப் பை இருக்கிறது, ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி ஒன்றென்றால் எட்டு வருடம் வரும், அவருக்கு எழுபத்தொன்பது வயது என்று எழுதி அனுப்பிவிட்டேன். அந்த இரண்டு கம்பங்களின் உச்சியில் கொஞ்சம் வெள்ளையாக விட்டுப் படமும் எடுத்து அனுப்பினேன். நாளை திங்கட்கிழமை, பதில் வரும். வேலை போனாலும் சமாளிக்கலாம், ஆனால் எனக்குப் பிறகு வருபவர் நேர்மையானவராக இருந்து அவருக்குப் பெட்டி கொடுத்துவிடுவாரோ என்பதுதான் பயம். அதற்காகப் பைக்கட்டிலிருந்து பாதியை வீட்டுக்குக் கொண்டுவந்து உன் அறை அலமாரியில் வைத்திருக்கிறேன். அப்பாவுக்குத் தெரியாது.

நம் வீட்டுப் புனிதர் லூக்கா உன்னையும் மாப்பிள்ளையையும் காக்கட்டும், உங்கள் வீட்டில் அடுப்பு அணையாதிருக்கட்டும், நல்லவர்கள் வாசல் தட்டட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. இதைப் படித்ததும் வுகாஷினுக்கு ஏதாவது அனுப்ப வேண்டுமென்று உனக்குத் தோன்றும், உன் மனசு எனக்குத் தெரியும். அனுப்பு, தப்பில்லை. ஆனால் தகர டப்பாவில் வேண்டாம், கூடையில் வேண்டாம், மூடி போட்ட எதிலும் வேண்டாம். பிரிக்கும்போதே கிழிந்துபோகிற மாதிரி எதிலாவது சுற்றி அனுப்பு.

என்றும் உன் நினைவில்,
அம்மா விதோசவா