வெள்ளிக் காசும் சிவப்புக் கோடும்

சமார் தீவு,
மே மாதம், வியாழன்

அன்பு மகள் ஹஸ்மினுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். இந்தத் தடவை இதை வழக்கத்துக்காக எழுதவில்லை. நிஜமாகவே எல்லோரும் நலம். அதற்குக் காரணம் நீ.

உன் ஞானத் தகப்பன், என் கும்பாரே அன்சிங்கின் மகள் நெனிதாவுக்குப் போன சனிக்கிழமை கல்யாணம். விருந்துக்கு சிப்பி வளர்க்கக் கடலில் நட்ட எங்கள் மூங்கில் கழிகளிலிருந்தே எடுத்தோம். அப்படியொரு சதைப்பற்று. தண்ணீரும் கண்ணாடி மாதிரி. கடல் சிவந்தால்தானே விஷம் என்று ஊரே நிம்மதியாக இருந்தது. நீ ஒசாகாவிலிருந்து அனுப்பிய கையடக்கச் சோதனைப் பெட்டியில் அன்று காலை ஒரு சொட்டுக் கடல்நீர் விட்டேன். மயிரிழைக் குழாய்களுக்குள் நீர் ஊர்ந்துபோய்ச் சிவப்புக் கோடு விழுந்தது. நீரில் நச்சுப்பாசி, அதைத் தின்ற சிப்பியும் விஷம். வேறு இடத்து நீரை எடுத்துப் பார்த்தேன், அதுவும் சிவப்பு.

அன்சிங்கிடம் ஓடினேன். சிப்பிக் கொப்பரை அடுப்பில் கொதிக்கிறது. அவன் ஒரு வெள்ளிக் காசை அதில் போட்டு எடுத்துக் காட்டினான், கறுக்கவில்லை. கறுக்காவிட்டால் தின்னலாம் என்பது இங்கே பாட்டன் காலத்துக் கணக்கு அல்லவா? "பொண்ணு படிச்சிருக்கா, சரிதான் கும்பாரே. ஆனா கடல் அவகிட்டப் படிக்கலையே" என்றான். மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். கொப்பரையை மறித்து நின்றுகொண்டேன்.

"கோயில்ல அவ ஞானஸ்நானத்துக்கு மெழுகுவத்தி பிடிச்சவன் நீ. நீயே நம்பலைன்னா அவ யாருக்காகப் படிச்சா?"

அவன் காசைச் சட்டைப்பையில் போட்டான். பிறகு கொப்பரையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு, மறு காதைப் பிடிக்க என்னைக் கண்ணால் கூப்பிட்டான். இருவருமாகக் குழியில் கவிழ்த்து மண்ணைத் தள்ளினோம். விருந்துக்குப் பன்றிக்கறி மட்டும்தான். மாப்பிள்ளையின் அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மீன்வள அலுவலகம் சிப்பிக்குத் தடை போட்டது. அதற்குள் பக்கத்து வளைகுடாவில் சிப்பி தின்ற சிலருக்கு உதடு மரத்து மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். கடவுள் புண்ணியம், பிழைத்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் அன்சிங் மணமக்களோடு வந்தான். உன் பெட்டியை எடுத்துச் சட்டை நுனியால் துடைத்து வைத்தான்.

தடை நீங்கும்வரை கஷ்டம்தான். கழிகளில் சிப்பி கனத்துத் தொங்குகிறது, விற்க வழியில்லை. ஆனாலும் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடக்கிறேன். கர்வம் பாவம் என்கிறார் ஃபாதர். பாவசங்கீர்த்தனத்தில் இதை மட்டும் நான் சொல்லப்போவதில்லை.

இப்போது படகுத்துறையில் பெண்கள் உன் பெட்டியைப் பெட்டி என்று சொல்வதில்லை. "ஹஸ்மின் பாத்துட்டாளா?" என்றுதான் கேட்கிறார்கள். "பாத்துட்டா, இன்னிக்கும் வேணாங்கிறா" என்கிறேன். நீ வீட்டுக்குள் இருப்பது போலச் சொல்லிச் சொல்லி, திரும்பிப் போகும்போது நீ இல்லாத வீடு பெரிதாகத் தெரிகிறது.

ஊருக்கெல்லாம் உணவு பார்த்துச் சொல்கிறாயே, அங்கே நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? தடை நீங்கியதும் முதல் கொப்பரையை நீ வந்துதான் இறக்க வேண்டும். ஆண்டவர் உன்னைக் காப்பாராக. உன்னைக் காத்து, சீக்கிரம் என் பக்கம் அனுப்புவாராக.

உன் அப்பா,
தெயொதுலோ