தலை சாயாத பொன்னி

பயிர் நாள் 61, 09:00
இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் திலகவதி, செவ்வாய்த் தளத்தின் வெப்பப் பொறியாளர். இப்போதைக்குத் தனியாள். நெல் பாத்தி நான்கு. மூன்றில் பொன்னி, ஒன்றில் குளிர்நாட்டுக் குண்டரிசி. குண்டரிசிச் சோறு ரசம் ஊற்றினால் களியாகிறது என்று, புறப்படும் முன்பே ஐந்து பேரும் முகம் சுளித்தோம். வாக்கெடுப்பு வைத்தோம், நாக்கு வென்றது. மற்ற நால்வரும் கப்பலில் வந்துகொண்டிருக்கிறார்கள். இன்று காலை சூடேற்றி நின்றுவிட்டது. பயிர்க் கூடாரத்தில் 13 டிகிரி.

பயிர் நாள் 65, 11:20
சூடேற்றி சரியானது. நான்கு நாள் குளிரில் ஓர் இலைகூடப் பழுக்கவில்லை. டெல்டாக்காரி நான். பயிர் காய்ந்து பார்த்திருக்கிறேன், மூழ்கிப் பார்த்திருக்கிறேன். குளிரில் என்னாகும் என்று பார்த்ததே இல்லை. பச்சையாகத்தானே இருக்கிறது, பிழைத்துக்கொண்டது.

பயிர் நாள் 67, 15:05
கப்பலிலிருந்து ஜெரின்: “அக்கா, எரிபொருள் கசிஞ்சிருச்சு. எடையக் குறைச்சாத்தான் இறங்க முடியும். வழிக்கு மட்டும் வச்சுக்கிட்டு மிச்ச சாப்பாட்டத் தள்ளிடவா? பயிர் எப்படி இருக்கு?”
பெருமையாகப் படம் அனுப்பினேன்.
“அடேயப்பா, பச்சைப் பசேல்னு! சுத்திப் போடுங்க அக்கா. தள்ளிட்டோம்.”

பயிர் நாள் 84, 10:40
பொன்னிக் கதிர் வெளிவந்து ஒரு வாரம். மணி பிடித்தால் தலை சாய வேண்டும், எல்லாம் நிமிர்ந்தே நிற்கின்றன. நசுக்கினால் பால் இல்லை. கையேட்டை இன்றுதான் முழுதாகப் படித்தேன். கதிர் இன்னும் தண்டுக்குள் இருக்கும் தொண்டைக்கதிர்ப் பருவத்தில் குளிர் பட்டால் மகரந்தம் மலடாகும். இலைக்கு ஒன்றும் ஆகாது. குண்டரிசி தாங்கும். பொன்னி தாங்காது. பாவி, நான் இலையைப் பார்த்தேன்.

பயிர் நாள் 98, 08:15
குண்டரிசிப் பாத்தியில் மட்டும் கதிர் மணி பிடித்துத் தலை சாய்ந்திருக்கிறது. அந்த அரிசி ஒரு ஆளுக்கு நான்கு மாதம் வரும். மறுபடி விதைத்து அறுக்கவும் நான்கு மாதம். என் கையிருப்பு இந்த அறுவடை வரைக்குமே. பூமியிலிருந்து அடுத்த கப்பலுக்கு ஒரு வருடம். நாங்கள் ஐந்து பேர். எத்தனை முறை வகுத்தாலும் ஒரு ஆளுக்குத்தான் வருகிறது.

பயிர் நாள் 107, 13:30
ஜெரின்: “இன்னும் ஒரு மணி நேரத்துல இறங்கிடுவோம் அக்கா. ரெண்டு நாளா அரை வயிறுதான். பொன்னிச் சோறு, ரசம், மறந்துறாதீங்க!”
பின்னால் மூவரும் கைதட்டுகிறார்கள். திரும்பிப் போக அவர்களிடம் எரிபொருள் இல்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? சொல்லாமல் எப்படி

13:52
“வாங்க. உலை வச்சுட்டேன்” என்று சொல்லிவிட்டேன்.
வெறும் தண்ணீர் கொதிக்கிறது.