வலது மடல் மேலே

ஏப்ரல் 4

ஊர் வீடுகளைச் சூடாக்கும் கொதிகலன் கூடத்தில் பகல் முறை வேலை. பனி முழுக்க உருகிவிட்டது. இன்னும் இரண்டு வாரத்தில் ஊருக்குச் சூடு தேவைப்படாது, எங்களுக்கும் வேலை இருக்காது.

வீடு திரும்பினால் வாசலில் குல்யாஷ் நிற்கிறாள். ஒராசலியின் மனைவி. காற்று பிடுங்கிக்கொண்டு போகாமல் பெரிய ஃபோம் போர்டுகள் ஐந்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள்.

"அண்ணே, பையன் அல்மாட்டியிலேர்ந்து ரிமோட், மோட்டார் எல்லாம் அனுப்பியிருக்கான். வரைபடமும் இருக்கு. பறக்கவிடக் கத்துக்கறவங்களுக்கான சின்ன விமானமாம். நீங்கதான் செஞ்சு தரணுமாம்."

"நானா?"

"வேற யாரும் வேண்டாங்கறார் எங்க வீட்டுக்காரர்."

என் மனைவி ரைஹான் பால் தேநீர் ஊற்றினாள், எண்ணெயில் பொரித்த பவுர்சாக் உருண்டைகளை வைத்தாள். போர்டுகளைத் திருப்பினால் ஒராசலியின் முகம். அவனுடைய அறுபதாவது பிறந்தநாள் விருந்துக்கு மண்டப வாசலில் வைத்த வரவேற்புப் பலகைகள். கோட்டு, பதக்கம், பெரிதாக 60. அந்த விருந்துக்கு எனக்கும் அழைப்பு வந்தது. நான் போகவில்லை.

ஏப்ரல் 5

முடியாது என்று சொல்லிவிடலாம்.

ஏப்ரல் 7

சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? வெட்டுக்கிளிக்கு மருந்து தெளிக்கும் விமானத்துக்கு அவன் விமானி, நான் மெக்கானிக். பதினோரு வருடம் முன்னால், இறக்கையின் பின்விளிம்பில் ஏறி இறங்கி விமானத்தைச் சாய்க்கும் மடல்களின் வடங்களைப் புதிதாக மாற்றினேன். இடம் மாற்றி மாட்டிவிட்டேன். சரிபார்த்தேன், ஆமாம், ஆனால் மூக்குக்கு முன்னால் நின்றுகொண்டு. பின்னால் நின்று பார்க்க வேண்டிய காரியம் அது. எதிரே நிற்பவனுக்கு வலது இடதாகத்தானே தெரியும்! விமானம் கிளம்பி முப்பது மீட்டர்கூட ஏறவில்லை, காற்றில் வலப்பக்கம் சாய்ந்தது. நிமிர்த்துவதற்காக அவன் இடப்பக்கம் திருப்பத் திருப்ப இன்னும் வலப்பக்கமே சாய்ந்து தரையில் மோதியது. அவனுடைய இரண்டு கால்களும் செயலிழந்தன. சிறைக்குப் போகாமல் இரண்டு வருடத் தண்டனை எனக்கு, இனி விமானத்தைத் தொடக் கூடாது என்ற உத்தரவோடு. குறைவுதான்.

நாங்கள் இருவரும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள், குர்தாஸ். குர்தாஸை என்ன சொல்லியும் கிண்டல் செய்யலாம், கோபித்துக்கொண்டவன்தான் தோற்றவன். முப்பது வருடம் அவன் என் மூக்கை, என் நடையை, என் மாமனாரின் ஒட்டகத்தைக்கூட விட்டுவைத்ததில்லை. விபத்துக்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. கடையில் எதிர்ப்பட்டால் "நல்லா இருக்கீங்களா? வீட்ல எல்லாரும் சுகமா?" மாவட்ட அதிகாரியிடம் பேசுவதைப் போல. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஏப்ரல் 9

வேலையை ஆரம்பித்தேன். வரைபடத்தை ஒட்டி, கத்தியால் வெட்டினேன். இறக்கையை மடிப்பதற்குக் கோடு கிழிக்கும்போது மேல்தாளும் நுரையும் மட்டும் அறுபட வேண்டும். அடித்தாளை விட்டுவைக்க வேண்டும், அதுதான் கீல். கை மறக்கவில்லை. ஒரே ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். இறக்கையின் கோடு அவன் முகத்தின் குறுக்கே போகிறது. வரைபடத்தைப் பெயர்த்து நகர்த்தி ஒட்டினேன். இப்போது 60 மட்டும் இறக்கையின் அடியில் வருகிறது. முகம் இருக்கும் பலகையைப் பீரோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

வரைபடத்தில் இரண்டு விதம் இருக்கிறது. ஒன்றில் இறக்கை மடல்கள் உண்டு. மற்றொன்றில் கிடையாது, இறக்கை நுனிகளைச் சற்றே மேலே தூக்கி ஒட்டி, வாலை வைத்தே திருப்பிக்கொள்ளலாம். கற்றுக்கொள்பவனுக்கு அதுவே சுலபமாம்.

மடல் இல்லாததையே செய்கிறேன்.

ஏப்ரல் 13

கொண்டுபோனேன். பதினோரு வருடம் கழித்து அந்த வீட்டுக்குள் நுழைகிறேன். அவன் சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் இருந்தான். பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தி எடையைச் சமன் செய்து, இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் நுனி கொடுத்துத் தூக்கிக் காட்டினேன். மூக்கு ஒரு துளி தாழ்ந்து அப்படியே நின்றது. எனக்கே சின்னதாக ஒரு பெருமை.

அவன் இறக்கையின் பின்விளிம்பை விரலால் தடவிக்கொண்டே போனான்.

"மடல் எங்க?"

"இது இல்லாமலே பறக்கும்னு வரைபடத்துல—"

"தெரியும். எனக்கு மடல் வேணும். நீங்க மாட்டினதா இருக்கணும்."

தேநீரைக்கூடக் குடிக்காமல் விமானத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பழிவாங்குகிறானா?

ஏப்ரல் 16

தூக்கி ஒட்டிய நுனிகளைப் பிரித்துத் தட்டையாக்கினேன். மடல்களை வெட்டினேன். விளிம்பைச் சாய்த்துச் சீவி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி மோட்டாரைச் சூட்டுப்பசையால் பதித்து, கம்பியை வளைத்து மாட்டினேன். விமானத்தை மேஜைமேல் வால் என் பக்கம் இருக்கும்படி வைத்தேன். ரிமோட் குச்சியை வலது பக்கம் தள்ளினேன். வலது மடல் மேலே வர வேண்டும்.

கீழே போனது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடுப்படியிலிருந்து ரைஹான் ஓடிவந்தாள். "மறுபடியும் செஞ்சுட்டேன்டி, மறுபடியும்..." அவள் ரிமோட்டோடு வந்த தாளை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். இப்படி ஆனால் இந்தப் பொத்தானை அழுத்தித் திசையை மாற்றிக்கொள்ளவும் என்று போட்டிருந்தது. எல்லாருக்கும் நடப்பதாம். அழுத்தினேன். வலது மடல் மேலே.

ஒரு பொத்தான்!

ஏப்ரல் 18

இன்று நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

விமானத்தை மறுபடி ஒராசலி வீட்டுக்குக் கொண்டுபோய் மடல்களை அசைத்துக் காட்டினேன். அவன் பார்க்கவில்லை, கண் என் மேலேயே இருந்தது. பிறகு குல்யாஷை வெளியே போகச் சொன்னான்.

"தொக்தார், அன்னிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி நான் ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தேன்ல?"

"பாத்தீங்க. தூசியில இறக்கை தெரியல. விசாரணையில சொன்னீங்களே."

"தூசியே இல்ல."

எனக்குப் புரியவில்லை.

"கை திருப்புச்சு. கண்ணு இறக்கை மேல இல்ல. நீங்க கீழ நின்னு துணியால துடைச்சுட்டு இருந்தீங்க. ஜன்னல்ல தலைய நீட்டி உங்களைக் கிண்டல் பண்ணிட்டு இருந்தேன். ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. "டேய், அந்தத் துணிய வீட்டுக்கும் எடுத்துட்டுப் போடா! ரைஹானும் ஒரு நாளாவது நீ துடைக்கறதப் பாக்கட்டும்!" பதில் சொல்ல நான் வாயெடுத்தேன், அதற்குள் இஞ்சின் சத்தம் வந்துவிட்டது.

"ஒரு தடவ திரும்பிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். விசாரணையில பொய் சொன்னேன். எல்லாம் உங்க தலையில விடிஞ்சுது. அதுக்கப்பறம் உங்களைக் கிண்டல் பண்ண வாய் வரல."

நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 19

தூசி இல்லை.

ஏப்ரல் 22

தூசி இருந்தது என்று நானும் நம்பிவிட்டேனே! கனவில்கூடத் தூசி வரும். அந்தத் தூசியைப் பதினோரு வருடம் நான் தின்றேன். கொதிகலன் முன்னால் கரி அள்ளி அள்ளி — அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? வடத்தை மாற்றி மாட்டியது நான்தான், அது மாறாது. ஆனால் பாதியையாவது அவன் தூக்கியிருக்கலாம் இல்லையா? பாதியை!

ரைஹானிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் மாவைப் பிசைந்துகொண்டே கேட்டாள்: "அவர் இறக்கையைப் பாக்கல, சரி. இத்தனை வருஷத்துல நீங்க ஒரு தடவ அவரைப் போய்ப் பாத்தீங்களா?"

அவள்மேலும் கோபம் வந்தது.

ஏப்ரல் 24

கருவிப்பெட்டியின் அடியில் அந்தத் துணி கிடைத்தது. அன்று என் சட்டைப்பையில் இருந்தது, வீடு வரை வந்துவிட்டது. எண்ணெய் காய்ந்து விறைத்திருக்கிறது.

ஏப்ரல் 26

காலையில் காற்று அடங்கியிருந்தது. நானே ஃபோன் செய்தேன்.

புல் முளைத்துப்போன பழைய ஓடுதளம். குல்யாஷ் நாற்காலியை லேசான காற்றுக்கு எதிராக நிறுத்தி, ரிமோட்டை அவன் கையில் கொடுத்தாள். விமானத்தைத் தலைக்குமேல் பிடித்து, அவனுக்கு முதுகு காட்டி நின்றேன், அவனும் வாலின் பக்கமிருந்து பார்க்கும்படி. முறைப்படி சொன்னேன்: "விமானம் தயார்."

"வலது," என்றான். மடல் அசைந்தது. நான் பார்த்தேன். திரும்பி அவனையும் பார்த்தேன். அவன் கண் இறக்கையின் மேலேயே இருந்தது.

"வலது மடல் மேலே," என்றேன்.

"மேலே. இடது."

"இடது மடல் மேலே."

"மேலே."

கிண்டல் அவன் வாயால் இனி முதலில் வராது என்று தெரிந்தது. அன்றைக்குச் சொல்லாமல் போன பதில் என்னிடம்தான் இருந்தது. பையிலிருந்து துணியை எடுத்துக் காட்டினேன்.

"வீட்டுக்கு எடுத்துட்டுத்தான்டா போனேன். பதினோரு வருஷமாச்சு. துடைக்க மட்டும் ரைஹான் இன்னும் விடல."

அவன் முகம் கோணியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று நான் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. திரும்பி விமானத்தை எறிந்தேன்.

ஏறியது. 60 தலைக்குமேல் போனது. திரும்பி எங்களை நோக்கி வந்தபோது தடுமாறி, ஒரு பக்கமாகச் சரிந்து, புல்லை உரசுகிற உயரத்தில் நிமிர்ந்தது.

"எதிர்ல வந்தா எது வலது எது இடதுன்னே தெரியலயேடா!" என்று கத்தினான்.

பறந்தது ஆறு நிமிடம். இறங்கும்போது வால் லேசாக வளைந்தது. வேறு குறை இல்லை.

ஏப்ரல் 27

பல் துலக்கும் முன்பே ஒராசலியின் ஃபோன். "டேய், வால ஒட்டச் சொன்னா உன் மூக்கைக் கழட்டி ஒட்டியிருக்கியாடா? ரெண்டும் ஒரே கோணல். சீக்கிரம் வந்து சரி பண்ணு, காத்து கிளம்பிடும்."

போகிறேன். முகம் இருக்கும் பலகையையும் எடுத்துக்கொண்டு.